காணாமல் போன சிஸ்டம் ஃபைல்: அறிகுறி பார்த்துத் திருப்பிக் கொண்டுவரும் வழி

பெங்களூரு ஹலசூரில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சரிசெய்வது என் தொழில். சோமேஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து மர்ஃபி டவுன் வரைக்கும் கோடை மழை அடித்த மறுநாள் காலையில் வரும் போன்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் தொடங்கும். "தம்பி, ஏதோ ஃபைல் இல்லேன்னு வருது. நான் ஒண்ணுமே பண்ணல."

பெரும்பாலும் அது உண்மைதான். விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முக்கியமான ஃபைல்களுக்கு டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்கிற உள்கணக்குதான் சொந்தக்காரர். கை தவறி டெலிட் அழுத்தினால் போகிற பொருள் இல்லை அவை. அப்படியும் ஒன்று போயிருக்கிறது என்றால் நான் நாலு பேரைத்தான் சந்தேகப்படுவேன்: ஆன்டிவைரஸ், பாதியில் அறுந்த அப்டேட், சாகக் கிடக்கும் டிஸ்க், யாரோ சொன்னதை நம்பி வேண்டுமென்றே அழித்த கை. இவர்களில் யார் என்று பார்க்காமல் ஃபைலை மட்டும் கொண்டுவந்து வைத்தால், அது மறுபடியும் போகும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்யாண போட்டோ அழிந்தால் அந்த டிஸ்க்கைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். சிஸ்டம் ஃபைல் அப்படியில்லை. அதே பதிப்பு விண்டோஸ் உள்ள எல்லா மெஷினிலும் அதே ஃபைல் இருக்கிறது. உங்கள் மெஷினிலேயே வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரில் விண்டோஸ் இன்னொரு பிரதியும் வைத்திருக்கும். அதனால் ரெக்கவரி மென்பொருளை ஓடவிட வேண்டியதில்லை, எடுத்த எடுப்பில் ஃபார்மட் செய்யவும் வேண்டியதில்லை. ஒரு எம்பி கூட இல்லாத ஃபைலுக்காகப் பத்து வருஷ டாலி கணக்கைப் பறிகொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

கட்டளைகளைப் போனில் சொல்லும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு முன்னால் திரையில் வந்த செய்தியை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஃபைலின் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் வைத்தியம் மாறும்.

## அறிகுறி: ஒரே ஒரு மென்பொருள் மட்டும் திறக்கவில்லை, ஒரு டிஎல்எல் இல்லை என்கிறது

ஹலசூர் மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் பில்லிங் மென்பொருள் திறக்கவில்லை என்று கூப்பிட்டார்.

"அக்கா, குரோம் திறக்குதா?"

"திறக்குது."

"எக்செல்?"

"அதுவும் திறக்குது. பில்லு மட்டும் போட முடியல. கடையில ஆள் நிக்குறாங்க தம்பி."

மற்றதெல்லாம் திறக்கிறது என்றால் விண்டோஸ் நன்றாக இருக்கிறது. அந்த மென்பொருள் சாய்ந்து நிற்கும் டிஎல்எல் என்ற ஒரு துணை ஃபைல்தான் இல்லை. செய்தியில் இருக்கும் பெயரை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும்.

எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140 என்று வந்தால்: மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், 2015-க்குப் பிறகான தொகுப்பு. 140 என்ற எண் 2015, 2017, 2019, 2022 நான்குக்கும் பொது. அதனால் புதியது ஒன்றைப் போட்டால் போதும். ஆனால் எக்ஸ்86, எக்ஸ்64 என்று இரண்டு வகை உண்டு. இரண்டையும் போடுங்கள். "என்னுடையது 64 பிட் மெஷின்தானே" என்று எக்ஸ்64 மட்டும் போட்டுவிட்டு மறுபடி கூப்பிடுகிறவர்கள் நிறைய. மெஷின் 64 பிட்டாக இருந்தாலும் அந்தப் பழைய பில்லிங் மென்பொருள் 32 பிட்டாக இருக்கலாம். அதற்கு எக்ஸ்86 தான் வேண்டும். அக்காவின் கடையிலும் அதேதான் நடந்திருந்தது.

140-க்குப் பின்னால் ஒரு கீழ்க்கோடும் 1-ம் சேர்ந்து வந்தால், பழைய தொகுப்பில் அந்த ஃபைலே கிடையாது. புதிய எக்ஸ்64 தொகுப்பை இறக்குங்கள்.

எம்எஸ்விசிஆர்120 என்றால் 2013 தொகுப்பு. 110 என்றால் 2012. 100 என்றால் 2010. இவை ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது. கன்ட்ரோல் பேனலில் இந்த விஷுவல் சி++ வரிசையாக ஏழெட்டு நிற்பதைப் பார்த்து, எதற்கு இத்தனை என்று நீக்கிவிடுகிறார்கள். நீக்காதீர்கள், ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கினால், அது பழைய கேம் கேட்கும் டைரக்ட்எக்ஸ் ஃபைல். 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம் என்று மைக்ரோசாஃப்ட் தளத்தில் தேடுங்கள். விண்டோஸ் 10, 11-இல் புது டைரக்ட்எக்ஸ் ஏற்கெனவே இருந்தாலும் இந்தப் பழைய ஃபைல்கள் அதோடு வருவதில்லை.

இதைப் போட்டும் திறக்கவில்லை என்றால்: கேட்கும் ஃபைல் மைக்ரோசாஃப்டுடையது இல்லை, அந்த மென்பொருளின் சொந்த ஃபைல். டேட்டா ஃபோல்டரை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு, மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுங்கள். பில்லிங், டாலி மாதிரி கணக்கு மென்பொருள் என்றால் இந்த இடத்திலேயே விற்றவரைக் கூப்பிடுவது நல்லது. கணக்கு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அவருக்குத்தான் உறுதியாகத் தெரியும்.

செய்யவே கூடாதது: ஃபைல் பெயரைத் தேடியதும் முதல் வரிசையில் வந்து நிற்கும் 'டிஎல்எல் டவுன்லோடு' தளங்களிலிருந்து ஃபைலை இறக்குவது. அது எந்தப் பதிப்பு, உள்ளே வேறு என்ன ஒட்டியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அது போகட்டும், வைக்கும் இடத்திலும் குழப்பம் உண்டு. சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் இருப்பது சிஸ்வாவ்64-இல். பெயரைப் பார்த்து மாற்றி வைத்துவிடுவார்கள். அப்புறம் '7பி' என்று முடியும் ஒரு பிழை எண் வரும். அந்த எண் வந்தால் பதிப்பு கலந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கையால் வைத்ததை எடுத்துவிட்டு, மேலே சொன்ன தொகுப்புகளை முறையாக நிறுவுங்கள்.

## அறிகுறி: ஃபைலை வைத்தால் வருகிறது, மறுநாள் மறுபடி காணோம்

இது ஆன்டிவைரஸ். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷனுக்குள் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியைப் பாருங்கள். வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதில் குவாரன்டைன் என்ற பகுதி. உங்கள் ஃபைலின் பெயரும் அது எந்த நாளில் பிடிபட்டது என்பதும் அங்கே இருக்கும்.

இங்கே இரண்டு கிளை.

முறையாக வாங்கிய மென்பொருளின் ஃபைல் என்றால் ஆன்டிவைரஸ் தவறாகப் பிடித்திருக்கலாம். ரெஸ்டோர் கொடுத்து, அந்த மென்பொருளின் ஃபோல்டரை மட்டும் விலக்கில், அதாவது ஆன்டிவைரஸின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில், சேருங்கள். சி டிரைவ் முழுவதையும் விலக்கில் போட்டிருந்த ஒரு மெஷினைப் பார்த்தேன். அதில் அப்புறம் இல்லாத வைரஸ் இல்லை.

கிராக் போட்ட மென்பொருள் என்றால் ஆன்டிவைரஸ் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. கிராக் என்பதே ஒரு டிஎல்எல்லை வெட்டி ஒட்டிய வேலைதான், அதற்குள் வேறு எதை வைத்தார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத் திரும்பக் கொண்டுவந்து தரச் சொன்னால் நான் செய்வதில்லை. அதே வேலைக்கு இலவச மென்பொருள் எது என்று சொல்லி, அதைப் போட்டுக்கொடுத்துவிட்டு வருவேன்.

## அறிகுறி: மெஷின் ஆன் ஆனதும் ஒரு சின்னப் பெட்டி, 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்று

பெட்டியின் தலைப்பில் ரன்டிஎல்எல் என்று இருக்கும். ஓகே கொடுத்தால் போய்விடும். மற்றபடி எல்லாம் நன்றாக ஓடும்.

இதில் ஃபைலைத் தேடவே தேடாதீர்கள். நீக்கிய மென்பொருளோ, ஆன்டிவைரஸ் பிடித்த வைரஸோ விட்டுப்போன ஒரு குறிப்பு, இல்லாத ஃபைலைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கூப்பிடும் குறிப்பை எடுத்தால் போதும். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதி, அதில் இல்லையென்றால் டாஸ்க் ஷெட்யூலர். அங்கேயும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியில், காணாமல் போன ஃபைல்களைக் கூப்பிடும் வரிகள் மஞ்சளாகத் தெரியும். பெட்டியில் வந்த பெயருள்ள வரியில் மட்டும் டிக்கை எடுங்கள். மஞ்சளாக இருப்பதையெல்லாம் எடுக்காதீர்கள்.

## அறிகுறி: நீங்களே அழித்துவிட்டீர்கள்

சொல்லத் தயங்க வேண்டாம். 2001-இல் சல்ஃப்என்பிகே என்ற ஃபைல் வைரஸ் என்று ஒரு மெயில் உலகம் முழுக்கச் சுற்றியது. அடுத்த வருஷம் கரடிப் பொம்மை ஐகான் உள்ள ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற ஃபைலை அழிக்கச் சொல்லி இன்னொன்று வந்தது. இரண்டுமே விண்டோஸின் நல்ல ஃபைல்கள். அன்றைக்கு மெயிலில் வந்தது இன்றைக்கு வாட்ஸ்அப்பிலும் வீடியோவிலும் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். இருந்தால் வலது கிளிக், ரெஸ்டோர், முடிந்தது. ஷிஃப்ட் பிடித்து அழித்திருந்தால் அங்கே இருக்காது. அழித்தது விண்டோஸின் சொந்த ஃபைல் என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள், சிஸ்டம் ஃபைல்களைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி என்ற கட்டளை கொண்டுவந்துவிடும்.

ஒரு ஃபோல்டர் மட்டும் விதிவிலக்கு. ஜீவன்பீமா நகரில் ஒரு பையன், 128 ஜிபி எஸ்எஸ்டி சிவப்பாக நிரம்பிவிட்டது என்று ஒரு வீடியோ பார்த்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டரைக் காலி செய்துவிட்டான். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து, ஆஃபீஸும் அப்டேட் ஆகவில்லை, பிரிண்டர் மென்பொருளையும் நீக்க முடியவில்லை, எதைத் தொட்டாலும் எம்எஸ்ஐ என்ற ஒரு நிறுவல் ஃபைலைக் காட்டு என்கிறது. எல்லா மெஷினிலும் ஒரே ஃபைல்தான் என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. அந்த ஃபோல்டரில் இருப்பவை அந்தந்த மெஷினில் நிறுவியவற்றைப் பொறுத்தவை. எஸ்எஃப்சியால் முடியாது, பக்கத்து மெஷினிலிருந்து காப்பி அடிக்கவும் முடியாது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் நிறுவுதல் நீக்குதல் பிரச்சினைக்கென்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. அதை வைத்து ஒவ்வொரு மென்பொருளாக வலுக்கட்டாயமாக நீக்கி மறுபடி போட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

இடம்தான் பிரச்சினை என்றால், டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் ஹைபர்னேட் பயன்படுத்தாதவர்கள், அடுத்த பகுதியில் சொல்லும் கறுப்புப் பெட்டியில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, முன்சாய்கோடு எச், இடைவெளி, ஆஃப் என்று அடித்தால் பல ஜிபி திரும்பக் கிடைக்கும். வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பெரிதாகத் தெரிகிறது என்று கையால் தொடாதீர்கள். உங்கள் மாற்றுப் பிரதிகள் இருக்கும் இடம் அது.

## அறிகுறி: விண்டோஸ் திறக்கிறது, ஆனால் நொண்டுகிறது

ஸ்டார்ட் மெனு திறக்காது, செட்டிங்ஸ் பளிச்சென்று வந்து மூடிக்கொள்ளும், பிரிண்டர் சேவை ஓடாது, அப்டேட் பாதியில் நிற்கும். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கோளாறு என்றால் விண்டோஸின் சொந்த ஃபைல்களில் சேதம்.

இந்த ஊரில் இதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் மின்சாரம். அபார்ட்மென்டில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் வரைக்கும் சில நொடி இருட்டு. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஆனால் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் அந்த நொடியில் செத்துப் பிழைக்கும். அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது அது நடந்தால் ஃபைல் பாதி எழுதிய நிலையில் நிற்கும்.

முதலில் ரீஸ்டார்ட். ஷட்டவுன் கொடுத்து ஆன் செய்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் மெஷினில் ஷட்டவுன் முழுதாக அணைப்பதில்லை. ரீஸ்டார்ட் என்றே கொடுங்கள். தொங்கி நின்ற அப்டேட் தானாக முடிந்துவிடுவதும் உண்டு.

அடுத்து எஸ்எஃப்சி. தேடும் பெட்டியில் சிஎம்டி என்று அடித்து, வலது கிளிக்கில் ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். கறுப்புப் பெட்டியில் எஸ்எஃப்சி, ஒரு இடைவெளி, முன்சாய்கோடு, அதை ஒட்டி ஸ்கேன் நவ் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக. எண்டர். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அரை மணி கூட ஆகும். நடுவில் மூடாதீர்கள்.

முடிவில் ஒரு வரி வரும், அதைப் பொறுத்துப் பிரியுங்கள்.

*குறை எதுவும் இல்லை* என்றால் சிஸ்டம் ஃபைல் சரியாக இருக்கிறது. புது யூசர் கணக்கு ஒன்று உருவாக்கி அதில் பாருங்கள். அதில் எல்லாம் ஓடினால் கெட்டது உங்கள் யூசர் கணக்கு, விண்டோஸ் இல்லை.

*சேதம் இருந்தது, சரிசெய்துவிட்டேன்* என்றால் ரீஸ்டார்ட் செய்து இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டாவது முறை சுத்தமாக வந்தால் தான் நான் கிளம்புவேன்.

*சேதம் இருந்தது, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை* என்றால் எடுத்துக் கொடுக்க வேண்டிய வின்எஸ்எக்ஸ்எஸ் பிரதியே கெட்டிருக்கிறது. அப்போது டிஸ்ம்.

டிஸ்ம். அதே கறுப்புப் பெட்டியில்: டிஐஎஸ்எம், இடைவெளி, சாய்கோடு ஆன்லைன், இடைவெளி, சாய்கோடு கிளீனப் ஹைபன் இமேஜ், இடைவெளி, சாய்கோடு ரெஸ்டோர்ஹெல்த். கடைசிச் சொல்லின் நடுவில் இடைவெளி கிடையாது. இது நல்ல பிரதியை மைக்ரோசாஃப்டிலிருந்து இறக்கும், அதனால் நெட் வேண்டும். சதவீதம் ஒரே இடத்தில் வெகுநேரம் நிற்கும். ஒரு மணி நேரம் வரைக்கும் நான் தொடுவதில்லை. முடிந்ததும் எஸ்எஃப்சியை மறுபடி ஓட்டுங்கள். டிஸ்ம் மாற்றுப் பிரதியைத்தான் சரிசெய்கிறது, உடைந்த இடத்தில் அதை எடுத்துப் பொருத்துவது எஸ்எஃப்சிதான். பாதிப் பேர் இந்தக் கடைசி நடையை விட்டுவிட்டு, "ஓட்டியும் ஒண்ணும் ஆகல அண்ணா" என்பார்கள்.

டிஸ்மை முதலில் ஓட்டு என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. நெட் இல்லாத வீடுகளுக்கும் போகிறவன் என்பதால் நான் எஸ்எஃப்சியில் தொடங்குகிறேன்.

081எஃப் என்று முடியும் பிழை எண்ணோடு டிஸ்ம் நின்றால் மூலப் பிரதி கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸ் நிறுவும் ஐஎஸ்ஓ ஃபைலிலிருந்து மூலத்தைக் காட்டும் நீளமான கட்டளை ஒன்று உண்டு. இந்த இடத்தில் நான் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரிக்குள் விண்டோஸ் அப்டேட் மூலமாகவே மறுபடி நிறுவும் பொத்தான் புதிய பதிப்புகளில் இருக்கிறது. 10 என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல், 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. பென்டிரைவிலிருந்து பூட் செய்யாமல், விண்டோஸ் ஓடும்போதே அதிலுள்ள செட்டப்பைத் திறந்து, ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்கு வெள்ளையடிப்பது போலத்தான், பொருள்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், சுவர் மட்டும் புதிதாகும். அப்படியே இருந்தாலும் முக்கியமானதை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகுதான் தொடங்குவேன்.

## அறிகுறி: விண்டோஸே திறக்கவில்லை

கறுப்புத் திரையில் பூட்எம்ஜிஆர் இல்லை, அல்லது நீலத் திரையில் வின்லோட் இல்லை, பிசிடி இல்லை என்று வரும். இவையெல்லாம் விண்டோஸைத் தொடங்கிவைக்கும் ஃபைல்கள். பயப்பட வைக்கும் செய்தி. காரணம் பல நேரம் சின்னது.

முதலில், குத்தியிருக்கும் பென்டிரைவை எல்லாம் பிடுங்குங்கள். மெஷின் அதிலிருந்து பூட் ஆகப் பார்க்கும். பாதி ராத்திரியில் அழைத்த ஒரு சார் வீட்டில் இது மட்டும்தான் கோளாறு.

அடுத்து, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் இரண்டு விஷயம் பாருங்கள். டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தேதி சரியா? தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அதோடு பூட் அமைப்புகளும் பழைய நிலைக்குப் போயிருக்கும். பூட் முறை யுஇஎஃப்ஐ என்று இருந்தது லெகசி என்று மாறியிருந்தால் எந்த ஃபைலும் போகவில்லை, மெஷின் தவறான கதவைத் தட்டுகிறது. பேட்டரியை மாற்றி, அமைப்பைத் திருப்பி வைத்தால் போதும். டிஸ்க் பெயரே தெரியவில்லை என்றால் டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிளைக் கழற்றி மறுபடி இறுக்கிப் பாருங்கள். அப்புறமும் தெரியாவிட்டால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் திறக்கவில்லை என்றால் ரிப்பேர் திரைக்குப் போக வேண்டும். விண்டோஸ் சின்னம் வரும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தால் மூன்றாவது முறை தானாக அங்கே போகும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே இந்த வரிசையில் போங்கள்: ஸ்டார்ட்அப் ரிப்பேர், நேற்று அப்டேட் ஆகியிருந்தால் கடைசி அப்டேட்டை நீக்குவது, சிஸ்டம் ரெஸ்டோர். சிஸ்டம் ரெஸ்டோரைப் பல மெஷின்களில் யாரும் ஆன் செய்தே வைத்திருப்பதில்லை, அதனால் தேதி எதுவும் காட்டவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நடுவில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே போயிருந்தால் அந்தக் கணக்கின் பக்கத்திலேயே சாவி இருக்கும், மொபைலில் திறந்து பார்க்கலாம். ஆஃபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம்தான் இருக்கும். சாவி இல்லாமல் உள்ளே போக எனக்கும் வழியில்லை, வேறு யாருக்கும் இல்லை.

கடைசியாக அங்கேயே கமாண்ட் பிராம்ப்ட். ரிப்பேர் திரையில் உங்கள் சி டிரைவ் டி என்றோ ஈ என்றோ மாறியிருக்கலாம். நோட்பேட் என்று அடித்துத் திறந்து, ஃபைல், ஓபன் கொடுத்தால் டிரைவ்கள் தெரியும். விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்கள் எழுத்து. அப்புறம் பிசிடிபூட், இடைவெளி, அந்த எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, விண்டோஸ். காணாமல் போன பூட் ஃபைல்களை இது புதிதாக எழுதித் தரும்.

அழிப்பதே மருந்தாகும் நேரமும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. சேஃப் மோடில் போய் 291 என்ற எண் உள்ள அந்த ஒரு ஃபைலை அழித்ததும் எழுந்தன. அதனால் வெளியார் டிரைவர் ஃபைலின் பெயர் நீலத் திரையில் வந்தால், இல்லாத ஃபைலைத் தேடுவதற்கு முன்னால் புதிதாக வந்து சேர்ந்தது எது என்று கேளுங்கள்.

## அறிகுறி: சரிசெய்தாலும் வாரத்துக்குள் திரும்பி வருகிறது

எஸ்எஃப்சி சரிசெய்தது, நன்றாக ஓடியது, ஐந்தாம் நாள் இன்னொரு ஃபைல் இல்லை. ஒவ்வொரு முறையும் வேறு பெயர். இனி மென்பொருளைத் தொடாதீர்கள்; வன்பொருள் போய்க்கொண்டிருக்கிறது.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவியைத் திறந்தால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று டிஸ்க்கின் நிலை தெரியும். ஹார்ட் டிஸ்க்கில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள், வலது ஓர எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஈவன்ட் வியூவரில் டிஸ்க் என்ற பெயரில் 7-ஆம் எண் பிழை வரிசையாக நின்றாலும் அதே பொருள்தான்: டிஸ்க்கில் கெட்ட இடங்கள்.

மஞ்சளோ சிவப்போ என்றால் அந்த நொடியில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் காப்பி எடுங்கள். செக்டிஸ்கை ஆர் சேர்த்து ஓட்டினால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்கவைக்கும் வேலை அது. மூச்சு வாங்கும் ஆளை மாடி ஏறவைக்காதீர்கள். காப்பி முடிந்த பிறகு வேண்டுமானால் ஓட்டுங்கள்.

டிஸ்க் நீலமாகவே இருந்தால் ராம். விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி எம்டிஷெட் (எம், டி, எஸ், சி, எச், ஈ, டி) என்று அடித்தால் ராமைச் சோதிக்கும் கருவி ரீஸ்டார்ட் ஆகி ஓடும். பிழை காட்டினால், மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராமைக் கழற்றி, தங்க நிறப் பல் வரிசையைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி பொருத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள்.

## அறிகுறி: பழைய எக்ஸ்பி, 'என்டிஎல்டிஆர் இல்லை'

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் ஸ்ரீராம்புரத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு பெரியவரிடம் இன்னும் ஓடுகிறது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், இருபது வருஷப் பத்திரிகை மாதிரிகள் எல்லாம் அதில்தான். "இந்த எழுத்து வேற எதுலயும் வராதுப்பா" என்பார். அவர் சொல்வது சரி.

இந்த மாதிரி மெஷினில் முதல் வேலை ஃபைலைக் கொண்டுவருவது இல்லை. டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, வேறு மெஷினில் முழுப் பிரதி எடுப்பது. அதற்குப் பிறகு எக்ஸ்பி சிடியிலிருந்து பூட் செய்து, ஆர் அழுத்தி ரெக்கவரி கன்சோலுக்குள் போய், சிடியில் ஐ386 ஃபோல்டரில் இருக்கும் என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட் இரண்டையும் சி டிரைவுக்குக் காப்பி செய்தால் எழுந்துவிடும். எச்ஏஎல் டிஎல்எல் இல்லை என்று வந்தால் பெரும்பாலும் அந்த ஃபைல் இருக்கத்தான் செய்யும், பூட் ஐஎன்ஐ தவறான பார்ட்டிஷனைக் காட்டுவதுதான் கோளாறு. அதே கன்சோலில் பூட்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு ரீபில்ட்.

## எப்போது வேறு ஆளைக் கூப்பிட வேண்டும்

டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால், பயாஸில் டிஸ்க்கே தெரியாவிட்டால், உள்ளே காப்பி எடுக்காத கணக்கோ போட்டோவோ இருந்தால், மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். அணைத்து வையுங்கள். இது ரிப்பேர் கடை வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்கிறவர்களின் வேலை, செலவும் அதற்கேற்ப இருக்கும்.

மற்றபடி எஸ்எஃப்சி, டிஸ்ம், இருக்கும் விண்டோஸின் மேலேயே மறுபடி நிறுவுவது மூன்றும் முடிந்து, டிஸ்க்கும் ராமும் சுத்தம் என்ற பிறகும் கோளாறு நின்றால் மெஷினைத் தூக்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போகலாம். கடையில் கேட்ட மாத்திரத்தில் "ஃபார்மட் மாடிபிடி", ஃபார்மட் பண்ணிவிடுங்கள், என்று கன்னடத்தில் சொல்வார்கள். உடனே தலையாட்டாதீர்கள். போட்டோ எடுத்த பிழைச் செய்தியைக் காட்டி, என்னென்ன ஓட்டினீர்கள், என்ன பதில் வந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள். ஃபார்மட்தான் வழி என்றால், உங்கள் கண்ணெதிரில் டி டிரைவையும், டெஸ்க்டாப்பையும், டாக்குமென்ட்ஸையும், டாலி டேட்டா ஃபோல்டரையும் ஒரு வெளி டிஸ்க்கில் எடுக்கச் சொல்லுங்கள். அந்த டிஸ்க்கை உங்கள் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகு சரி என்று சொல்லுங்கள்.